சாவியைக் கொடுத்தபின்



என் இளமையில், 1970-களில், எங்கள் ஊர்ச் சினிமாக் கொட்டகைக்கு நாங்கள் சைக்கிளில் போவது வழக்கம். கொட்டகையை ஒட்டிக் கீற்று வேய்ந்த சைக்கிள் நிறுத்தம் ஒன்று இருந்தது. அதன் வாயிலில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். சைக்கிளின் ஆசனத்தில் சுண்ணக்கட்டியால் ஓர் எண்ணை எழுதுவார். அதே எண் எழுதிய அட்டைத் துண்டு ஒன்றை நம் கையில் கொடுப்பார். படம் முடிந்ததும் நூறு பேர் ஒரே சமயத்தில் வந்து மொய்ப்பார்கள். அட்டையைக் காட்டாதவன் யாராக இருந்தாலும் அவனுக்குச் சைக்கிள் கிடையாது. எங்கள் தமிழாசிரியர் ஒருநாள் அட்டையைத் தொலைத்துவிட்டார். எல்லாச் சைக்கிள்களும் போய், மிஞ்சி நின்ற ஒன்று தம்முடையதுதான் என்று ஐயமற விளங்கிய பிறகே அவர் வீடு திரும்ப முடிந்தது. மறுநாள் வகுப்பில் அவர் அப்பெரியவரைப் பற்றி என்ன சொன்னார் என்பது இங்கே வேண்டாம்.

இன்று நான் பேச வந்தது சைக்கிளைப் பற்றி அன்று. பெரிய ஓட்டல்களிலும், மருத்துவமனைகளிலும், கலியாண மண்டபங்களிலும் வாயிலிலேயே நம் காரை வாங்கிக்கொண்டு, தாமே கொண்டுபோய் நிறுத்தி, நாம் புறப்படும்போது மீண்டும் கொண்டுவந்து தரும் ஏற்பாடு ஒன்று பரவியிருக்கிறது. அதனை 'வேலட் பார்க்கிங்' என்கிறார்கள். வேலட் என்பது பிரெஞ்சுச் சொல். எசமானின் உடைமைகளைப் பேணுகிற பணியாளன் என்பது பொருள். பிரெஞ்சுக்காரர் அதை 'வாலே' என்று உச்சரிப்பர். நம் ஊரில் எப்படி உச்சரித்தாலும் வண்டி வந்துவிடுகிறது. சைக்கிள் நிறுத்தத்துப் பெரியவர் நம் வண்டியைக் காத்தார், ஓட்டவில்லை. பூட்டின் சாவி நம் சட்டைப் பையிலேயே இருந்தது. இந்த ஏற்பாட்டிலோ சாவி கை மாறுகிறது. அந்த ஒரு வேறுபாட்டிலிருந்து எத்தனை பொறுப்புகள் கிளைக்கின்றன என்பதை நான் விலை கொடுத்தே கற்றுக்கொண்டேன்.

2016-ஆம் ஆண்டு, ஆவணி மாதத்து முகூர்த்த நாள் ஒன்றின் மாலை. என் தங்கை மகளுடைய திருமண வரவேற்பு. தாய்மாமனாகிய நான் மேடையில் நிற்கவேண்டிய நேரத்தில் சாலை நெரிசலில் நின்றேன். மண்டபத்தின் வாயிலை அடைந்தபோது மணி ஏழு. எனக்கு முன்னே எட்டுக் கார்கள், பின்னே அதைவிட நீண்ட வரிசை. ஒளிரும் மேற்சட்டை அணிந்த இளைஞன் ஒருவன் ஓடிவந்து கதவைத் திறந்தான். திறந்தவன், "சார், நீங்களா!" என்று மலர்ந்தான். பார்த்தால், எங்கள் பள்ளியில் படித்த பையன். தந்தை நோயில் படுத்ததால் முந்தைய ஆண்டு பத்தாம் வகுப்பின் நடுவில் படிப்பை நிறுத்திவிட்டுப் போனவன். "சாவியை வண்டியிலேயே விட்டுட்டு நீங்க உள்ளே போங்க சார், நான் பார்த்துக்கிறேன்" என்றான். பழைய மாணவன் ஒருவன் வேலையில் இருப்பதைக் கண்ட மகிழ்ச்சி எனக்கு. தோளில் தட்டிக்கொடுத்துவிட்டு உள்ளே போனேன்.

கால் மணி நேரத்தில் என்னை வெளியே அழைத்தார்கள். அவன் கற்றுக்கொண்ட வண்டியில் ரிவர்ஸ் கியர் வலப்பக்கம் கீழே இருந்தது. என் வண்டியிலோ அது இடப்பக்கம் மேலே, முதற் கியருக்கு அடுத்தாற்போல் இருந்தது. முதற் கியர் என்று எண்ணி அவன் அழுத்தித் தள்ளியது ரிவர்சில் விழுந்தது. முன்னே போகும் என்று அவன் மிதித்த வண்டி பின்னே பாய்ந்தது. மதிற்சுவர் ஓரமாகப் பூ விற்றுக்கொண்டிருந்த மூதாட்டியின் கூடை நசுங்கியது. அவருடைய கணுக்கால் எலும்பும் முறிந்தது. மல்லிகைச் சரங்கள் சாலையெங்கும் சிதறிக் கிடந்தன. அவன் சுவரோரம் நின்று நடுங்கிக்கொண்டிருந்தான்.

அதன்பின் நடந்ததை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். மண்டபத்து மேலாளர், "அது ஒப்பந்தக்காரர் பொறுப்பு" என்றார். ஒப்பந்தக்காரர் தம் சீட்டின் பின்புறத்தைத் திருப்பிக் காட்டினார். 'வண்டி உரிமையாளரின் பொறுப்பில் விடப்படுகிறது' என்று பொடி எழுத்தில் அச்சாகியிருந்தது. பிறகு அவர் பையனைக் காட்டி, "லைசென்ஸ் இருக்கிறது என்று என்னிடம் பொய் சொன்னான்" என்றார். அவ்விடத்தில் கூடியிருந்தவர்களில் அவன் வயதை உறுதியாக அறிந்தவன் ஒருவனே இருந்தான். அது நான். அவனுடைய மாற்றுச் சான்றிதழில் பிறந்த தேதியைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டவன் நானே. அவனுக்குப் பதினாறு வயதுதான் ஆகியிருந்தது. கார் ஓட்டும் உரிமம் பதினெட்டு வயது நிறைந்தவர்க்கே கிடைக்கும் என்பதும் எனக்குத் தெரியாததன்று. தெரிந்திருந்தும், அவசரத்திலும் பெருமையிலும், சாவியைக் கொடுத்துவிட்டு மேடை ஏறினேன்.

காவல் நிலையத்தில் அவன் வயதை உள்ளபடியே எழுதிக் கொடுத்தேன். உறவினர் சிலர் வேறு விதமாக எழுதச் சொன்னார்கள். முப்பதாண்டுகளுக்கு மேலாக வருகைப் பதிவேட்டில் உண்மையை எழுதச் சொல்லிப் பிள்ளைகளுக்குக் கற்பித்தவனால் அது முடியவில்லை. சிறார் நீதிக் குழுமம் பையனுக்கு அறிவுரை கூறி வீட்டுக்கு அனுப்பியது. உரிமம் இல்லாதவரை வண்டி ஓட்ட அனுமதிப்பது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி உரிமையாளரின் குற்றம். அதற்கான அபராதத்தை நான் கட்டினேன். மூதாட்டியின் வைத்தியச் செலவை நானும் ஒப்பந்தக்காரருமாக ஏற்றோம். மூன்று மாதம் அவர் கடை போடவில்லை.

அந்த மூன்று மாதமும் என் மனம் ஒரு கணக்கைப் போட்டுக்கொண்டே இருந்தது. அந்தக் கணக்கை உங்கள் முன் போட்டுக் காட்ட விரும்புகிறேன். கரும்பலகை இல்லாத குறையை மன்னிக்கவேண்டும்.

ஒரு வரவேற்புக்கு 120 கார்கள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். அவை மாலை முழுதும் சீராக வருவதில்லை. ஏழு மணிக்கும் ஏழரை மணிக்கும் இடையில் மட்டும் பாதி, அதாவது 60 கார்கள் வந்துவிடும். நிறுத்துமிடம் 400 மீட்டர் தொலைவில் உள்ள திடல். காரை வாங்கிச் சீட்டு எழுத ஒரு நிமிடம். நெரிசலில் ஓட்டிச் செல்ல மூன்று நிமிடம். நிறுத்திப் பூட்ட ஒரு நிமிடம். நடந்து திரும்ப ஐந்து நிமிடம். ஆக, ஒரு வண்டிக்குப் பத்து நிமிடம். அரை மணியில் ஓர் ஆள் மூன்று வண்டிகளை நிறுத்தலாம். அறுபது வண்டிகளுக்கு இருபது பேர் வேண்டும். அன்று ஒப்பந்தக்காரர் வைத்திருந்தவர்கள் ஆறு பேர். ஆறு பேர் முறையாக வேலை செய்தால் பதினெட்டு வண்டிகளை நிறுத்தலாம். மற்ற நாற்பத்திரண்டு வண்டிகளை எப்படி நிறுத்துவது? ஓடி ஓடித்தான் நிறுத்தவேண்டும். கண்ணாடியைத் திருத்திக்கொள்ள நேரமில்லை. ஆசனத்தைத் தன் உயரத்துக்கு நகர்த்த நேரமில்லை. இந்த வண்டியில் ரிவர்ஸ் எங்கே என்று பார்க்கவும் நேரமில்லை. அந்தப் பையனுடைய காலில் இருந்த அவசரம் அவன் தேடிக்கொண்டதன்று. பிழையான கணக்கு ஒன்று அதை அவனுக்குக் கொடுத்திருந்தது.

இந்தக் கணக்கிலேயே சிக்கனத்துக்கும் வழி இருக்கிறது. ஐந்து நிமிடம் நடந்து திரும்பும் ஓட்டுநர்களை ஆட்டோக்கள் ஒரே நிமிடத்தில் மூவர் மூவராகக் கொண்டுவந்து சேர்த்தால், பத்து நிமிடம் ஆறாகக் குறையும். ஓர் ஆள் அரை மணியில் ஐந்து வண்டிகளை நிறுத்துவான். இருபது பேர் செய்யவேண்டியதைப் பன்னிருவர் செய்துவிடுவர். எட்டுப் பேரின் கூலியைவிட ஆட்டோக்களின் வாடகை குறைவாகவே இருக்கும். இதை அந்த ஒப்பந்தக்காரரிடம் பின்னர் நான் எழுதிக் காட்டினேன். "இதை யாரும் எனக்குச் சொல்லவில்லையே" என்றார். ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் ஆட்களும் நாட்களும் என்று சொல்லத்தான் செய்திருக்கிறோம்.

இனி, சாவிக்கு வருகிறேன். புதுதில்லியிலுள்ள தாஜ் மகால் ஓட்டலுக்கு 1998-ஆம் ஆண்டு ஆகஸ்டு 1-ஆம் நாள் இரவு ஒருவர் தம் மாருதி ஜென் காரில் போனார். காரையும் சாவியையும் ஓட்டல் பணியாளரிடம் ஒப்படைத்துச் சீட்டு வாங்கிக்கொண்டார். நள்ளிரவு கடந்து அவர் வெளியே வந்தபோது கார் இல்லை. நடந்தது இது: வேறொரு காரில் வந்த இளைஞர்கள் தம் காரைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள், அந்தச் சந்தடியில் அவர்களில் ஒருவன் மேசைமேல் கிடந்த ஜென் காரின் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். காவலாளி சீட்டு எங்கே என்று கேட்டபோது வண்டியை விரட்டிக்கொண்டு பறந்துவிட்டான். கார் பிறகு கிடைக்கவே இல்லை. வழக்கு பல மன்றங்களைக் கண்டு, 2019-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் உச்சநீதிமன்றத்தில் முடிந்தது. இருபத்தோர் ஆண்டுகள்! கார் தொலைந்த நாளில் பிறந்த குழந்தை வாக்குரிமை பெற்றுவிட்ட காலம் அது.

உச்சநீதிமன்றம் சொன்னது நம் எல்லோருக்கும் பயன்படும். ஒருவர் பொருளை மற்றொருவர் ஒரு காரியத்துக்காகப் பெற்று, காரியம் முடிந்ததும் திருப்பித் தருவதை 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் ஓர் ஒப்பந்தமாகவே கருதுகிறது. சாதாரண விவேகமுள்ள மனிதன் தன் சொந்தப் பொருளை எப்படிப் பேணுவானோ அப்படி அதைப் பேணவேண்டும் என்று அதன் 151-ஆம் பிரிவு கூறுகிறது. சாவியை வாங்கிக்கொண்டு காரை நிறுத்தித் தருவதும் இவ்வகையைச் சேர்ந்ததே. கார் தொலைந்தால், தாம் தக்க கவனம் செலுத்தியதாகக் காட்டவேண்டிய சுமை ஓட்டலுடையது. 'உரிமையாளர் பொறுப்பு' என்று சீட்டில் அச்சிட்டுவிட்டுத் தம் அலட்சியத்துக்குத் தாம் பொறுப்பில்லை என்று சொல்ல இயலாது. என்னிடம் ஒப்பந்தக்காரர் திருப்பிக் காட்டிய பொடி எழுத்துக்கு அவ்வளவுதான் மதிப்பு.

அவ்வளவு பெரிய ஓட்டலில் தவறியது எது? சாவி மேசைமேல் கிடந்தது, அவ்வளவே. ஆகவே சாவிகளுக்கு மூடிப் பூட்டும் பெட்டி ஒன்று வேண்டும். அதனுள் எண்ணிட்ட கொக்கிகள் வேண்டும். அதற்கு ஒருவர், ஒரே ஒருவர், பொறுப்பாக இருக்கவேண்டும். அவர் கார் ஓட்டக்கூடாது. அந்த இடத்தை விட்டு எழக்கூடாது. ஆள் குறைவாக இருக்கிறது என்று அவரையும் ஓட்ட அனுப்பிவிடுவதுதான் பல இடங்களில் நடக்கிறது. சீட்டு மூன்று துண்டாக இருக்கவேண்டும். ஒன்று உரிமையாளரிடம், ஒன்று சாவியோடு, ஒன்று காரின் முன்கண்ணாடிக்கு உள்ளே. மூன்றும் ஒன்றுகூடும்போது மட்டுமே கார் வெளியேறவேண்டும். கோயில் வாயிலில் செருப்புக் காக்கும் அம்மையார் தகர வில்லையைக் கொண்டு ஒரு செருப்பும் மாறாமல் இதைச் செய்துவருகிறார். அவருடைய ஒழுங்கு பத்து இலட்ச ரூபாய் வண்டிக்கு வேண்டாமா?

வண்டியை வாங்கும் அந்த ஒரு நிமிடத்தில் செய்யவேண்டியவை சில. நான்கு பக்கமும் சுற்றிப் பார்த்து, முன்பே உள்ள கீறலையும் நசுங்கலையும் உரிமையாளர் முன்னிலையில் குறித்துக்கொள்ளவேண்டும்; இப்போது கைப்பேசியில் நான்கு படம் எடுத்துவிட்டால் போதும். பணமும் நகையும் வண்டியில் இருந்தால் எடுத்துக்கொள்ளச் சொல்லவேண்டும். பின் ஆசனத்தைக் கட்டாயம் பார்க்கவேண்டும். இதனை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், கலியாண அவசரத்தில் இரண்டு மூன்று குடும்பங்கள் ஒரே காரில் வரும். தூங்கும் குழந்தையை மற்றவர் தூக்கிக்கொண்டிருப்பார் என்று ஒவ்வொருவரும் எண்ணி இறங்கிவிடக் கூடும். கண்ணாடி ஏற்றிய கார் வெயிலில் எவ்வளவு விரைவாக அடுப்பாகும் என்பது நீங்கள் அறிந்ததே.

பொத்தானை அழுத்தினால் இயங்கும் புதுவகைக் கார்களில் வேறொரு வேடிக்கை உண்டு. சாவி உரிமையாளரின் சட்டைப் பையில் இருக்க, இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும். அதை மறந்து அவர் உள்ளே போய்விடுவார். பணியாளர் காரைத் திடலுக்குக் கொண்டுபோய் நிறுத்தி அணைத்துவிட்டால் மறுபடி அது இயங்காது. பிறகு ஆயிரம் பேர் சாப்பிடும் பந்தியில் ஒருவரைத் தேடவேண்டும். சாவி கைக்கு வந்த பின்பே ஆசனத்தில் அமர்வது என்ற விதி இதற்குப் போதும்.

திடலில் வண்டிகளை நிறுத்துவதற்கும், காலை இறைவணக்கத்துக்குப் பிள்ளைகளை நிறுத்துவதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. யார் முதலில் வெளியேறவேண்டும் என்பதை முதலிலேயே எண்ணிக்கொள்ளவேண்டும். ஒரு காருக்கு ஏறத்தாழ இரண்டரை மீட்டர் அகலமும் ஐந்து மீட்டர் நீளமும் வேண்டும். சாவிகள் கையில் இருப்பதால் ஒன்றன்பின் ஒன்றாக நெருக்கியும் நிறுத்தலாம். ஆனால் இரவு இரயிலைப் பிடிக்கவேண்டியவர், கைக்குழந்தையோடு வந்தவர், முதியவர் ஆகியோரின் வண்டிகள் பின்வரிசையில் அகப்பட்டுக்கொண்டால் முன்னே உள்ள நான்கு வண்டிகளை நகர்த்தவேண்டும். நகர்த்தும் ஒவ்வொரு முறையும் ஒரு கீறலுக்கு வாய்ப்பு. "எப்போது புறப்படுவீர்கள் ஐயா?" என்று வாயிலிலேயே கேட்டுச் சீட்டில் குறித்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. எல்லா வண்டிகளும் முகம் வெளியே நோக்கி நிற்கவேண்டும். நிறுத்தும்போது பின்னோக்கி ஓட்டுவது எளிது. அப்போது திடலில் கூட்டமில்லை. புறப்படும்போது பிள்ளைகள் குறுக்கே ஓடுவார்கள். சரிவான இடமானால் கைப்பிரேக்கோடு சக்கரத்துக்கு ஒரு கட்டையும் வைக்கவேண்டும். நிலவறையில் நிறுத்துவதானால் இயந்திரத்தை ஓடவிட்டு உள்ளே யாரும் உறங்கக்கூடாது. கரியமில வாயுவினும் கொடிய கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

திரும்பக் கொடுக்கும் நேரம் வாங்கும் நேரத்தைவிடக் கடினமானது. வரும்போது பத்து நிமிடம் காத்திருந்தவர், சாப்பிட்டபின் இரண்டு நிமிடம் காத்திருக்கமாட்டார். இதற்கு நான் கண்ட நல்ல வழி ஒன்று. மதுரைப் பக்கத்து மண்டபம் ஒன்றில், தாம்பூலப் பை கொடுக்கும் மேசைக்கு அருகிலேயே ஒரு பெண் கைப்பேசியோடு அமர்ந்திருந்தாள். விருந்தினர் பையை வாங்கும்போதே சீட்டு எண்ணைக் கேட்டுத் திடலுக்குச் சொல்லிவிடுவாள். அவர்கள் பெண்வீட்டாரிடம் சொல்லிக்கொண்டு, செருப்பைத் தேடி, படியிறங்குவதற்குள் வண்டி வந்து நிற்கும். நம்மவர் விடைபெறுவதற்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வார்கள் என்பதை அறிந்த யாரோ செய்த ஏற்பாடு அது.

ஒளிரும் சட்டை, கைவிளக்கு, மழைக்குக் குடை, குடிக்கத் தண்ணீர் ஆகியவை சொல்லாமலே விளங்கும். ஓட்டுநரின் உரிமத்தைப் பற்றி மட்டும் இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும். "இருக்கிறது" என்ற வாய்ச்சொல்லை ஒப்பந்தக்காரர் ஏற்கக்கூடாது. மூல உரிமத்தைப் பார்த்து, எண்ணையும் காலாவதி நாளையும் பதிவேட்டில் எழுதி, எந்தெந்த வகை வண்டியில் பழக்கம் என்பதையும் குறித்துக்கொள்ளவேண்டும். கியர் தானாக மாறும் வண்டியை அறியாதவரிடம் அதைக் கொடுக்கக்கூடாது.

சாவியைக் கொடுக்கும் நமக்கும் பங்கு உண்டு. 2019-ஆம் ஆண்டில் சட்டம் மிகவும் கடுமையாயிற்று. இப்போது சிறுவர் ஒருவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், அவருடைய பாதுகாவலரோ வண்டியின் உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவார். மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு இரத்தாகும். அந்தச் சிறுவருக்கு இருபத்தைந்து வயது வரை ஓட்டுநர் உரிமம் கிடையாது. வண்டி ஓட்டிப் பிழைக்க எண்ணும் ஏழைப் பிள்ளைக்கு அது எத்தகைய தண்டனை என்று எண்ணிப் பாருங்கள். என் மாணவனுடைய பிழை 2016-இல் நேர்ந்தது. மூன்றாண்டு பிந்தி நேர்ந்திருந்தால், என்னுடைய ஒரு நிமிட அவசரம் அவனுடைய இளமையின் பெரும்பகுதியைத் தின்றிருக்கும்.

அவனைப் பற்றியும் கேட்பீர்கள். அடுத்த ஆண்டு தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பை முடித்தான். மாலை வேளைகளில் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் படித்தான். கணக்கில் மட்டும் என்னைத் திணறடித்தான். பதினெட்டு நிறைந்தபின் முறைப்படி பழகுநர் உரிமம் எடுத்து, பிறகு வண்டியை ஓட்டிக் காட்டும் தேர்வில் தேறி உரிமம் பெற்றான். பூக்காரப் பாட்டிக்கு அவன் முதல் சம்பளத்தில் ஒரு புடவை எடுத்துக்கொடுத்ததாக அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவரும் இப்போது நன்றாக நடக்கிறார். மழைக்காலத்தில் மட்டும் அந்தக் கால் வலிக்கிறது என்கிறார்.

இப்போது அவன் ஒரு மண்டபத்தில் சாவிப் பெட்டிக்குப் பொறுப்பாளன். சென்ற தை மாதம் அங்கே ஒரு திருமணத்துக்குப் போயிருந்தேன். புறப்படும்போது பார்த்தால், சீட்டைக் காணோம். சட்டைப் பை, வேட்டி மடிப்பு, தாம்பூலப் பை எல்லாம் தேடியாயிற்று. "என்னைத்தான் உனக்குத் தெரியுமே, சாவியைக் கொடப்பா" என்றேன். அவன் எழுந்து நின்று, மிகுந்த மரியாதையோடு, "தெரியும் சார். ஆனா சீட்டு இல்லாம தரமுடியாது. வண்டிப் பதிவுச் சான்றையும் லைசென்ஸையும் காட்டி, இந்தப் பதிவேட்டில கையெழுத்துப் போடுங்க" என்றான். பதிவுச் சான்று வண்டிக்குள் இருந்தது. அவன் ஆள் அனுப்பி அதை எடுத்துவரச் செய்து, எண்ணை ஒப்பிட்டு முடிக்கும்வரை பதினைந்து நிமிடம் அந்த மேசை முன்னால் நின்றேன். என் வீட்டார் காரணம் கேட்டபோது, கையெழுத்துப் போடவேண்டியிருந்தது என்று மட்டும் சொன்னேன்.